பூக்காரம்மாவுக்கும் பிடித்துப்போன பாட்டு

நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த சண்டையில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று உங்களில் சிலருக்கு வருத்தம். நம்ம ஹெவி மெட்டல் பேண்டின் புது ஆல்பம் வந்த அன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. "விலை போயிட்டானுங்க" என்றார் ஒருவர். "ரீல்ஸ்ல ஓடறதுக்குன்னே பாட்டு பண்றானுங்க" என்றார் இன்னொருவர். முதல் நான்கு ஆல்பத்தோடு அவர்கள் செத்துவிட்டார்கள் என்று எழுதியவர், செத்தவர்களின் பெங்களூர் கச்சேரிக்கு நம் எல்லாருக்கும் முன்னால் டிக்கெட் எடுத்தவர். நாமெல்லாம் ஐம்பதைத் தொடப் போகிறவர்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை. மீதிப் பேருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். கச்சேரிகளில் தலையை ஆட்டி ஆட்டி வந்தது என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்ல முடியாத தேய்மானம். இந்த வயதிலும் இந்தச் சண்டையை விடாமல் போடுகிறோமே என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

நான் பேசாமல் இருந்தது கருத்து இல்லாததால் அல்ல. எட்டாம் வகுப்பு படிக்கும்போதே என் கருத்தைச் சொல்லி, தெருவே பார்க்க அறை வாங்கியவள் நான். அந்தக் கருத்தை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. அதை ஒரு குறுஞ்செய்தியில் எழுத முடியாது. அதனால்தான் இது.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் இருந்தது. மாடியில் ஓர் அறை. கார்த்திகையிலிருந்து பங்குனி வரை ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அப்பா அதை வாடகைக்கு விடுவார். அந்த வருஷம் தீபக் கூட்டம் வடிந்த மறுநாள் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், நரைத்த கிராப்பு. கழுத்தில் ஒரு சின்ன அட்டை தொங்கியது. அதில் ஆங்கிலத்தில் 'மௌனம்' என்று எழுதியிருந்தது.

அட்டையைப் படிக்கத் தெரியாத என் அம்மா, பாவம் வாய் பேச முடியாதவள் என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் கைஜாடையிலேயே இட்லி கொடுத்தாள். படித்துப் புரிந்துகொண்ட அப்பாவோ, பேச முடிந்தவர் பேசாமல் இருந்தால் ஊரில் ஏதோ தப்புப் பண்ணிவிட்டு வந்திருக்க வேண்டும் என்றார். இருவர் சொன்னதும் தவறு. அந்த அம்மாவுக்குச் சத்தம் போதும் என்று தோன்றியிருந்தது. அவ்வளவுதான். அதற்கு அடையாளமாக, வந்த மூன்றாம் நாள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் சித்தப்பாவின் கையில் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு மாடியேறிப் போனார். பைக்குள் ஏழு கேசட்டுகள். ஏழும் நம்ம பேண்டுடையவை.

சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. பி.எஸ்சி. முடித்து, சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டு எங்கள் வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டில் நல்ல டேப் இல்லை. அதனால் பை நேரே தெருமுனை மைக்செட் கடைக்குப் போனது. கடைக்காரர் சித்தப்பாவோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பத்தில் தவறியதும் அவருடைய அப்பாவின் மைக்செட்டை எடுத்துக்கொண்டார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவர்தான் பாட்டு. நான் அவரை மைக்செட் அண்ணன் என்பேன். அவருக்கு நான் பாப்பா.

அந்தக் கடையின் வாசனை எனக்கு இன்னும் தெரியும். ஈயம் உருகும் புகை, டேப்பின் தலையைத் துடைக்கும் ஸ்பிரிட், மழையில் நனைந்து காயாத ஒயர் மூட்டை. அவரே கட்டிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று மூடி இல்லாமல் இருந்தது. முதல் கேசட்டைப் போட்டு அவர் குமிழைத் திருப்பியதும் தகரக் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லி என் தோளில் விழுந்தது. நான் அலறினேன். அலறியது யாருக்கும் கேட்கவில்லை. நான் அலறியது எனக்கே கேட்கவில்லை என்று தெரிந்தபோது ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அம்மா அந்தப் பேண்டுக்குப் பட்டறை என்று பெயர் வைத்தாள். "பட்டறைச் சத்தத்த நிறுத்திட்டு சாப்பிட வா" என்பாள். நாங்கள் சமணர்கள். எங்கள் வீட்டில் இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். மார்கழியில் ஐந்தரை மணிக்கெல்லாம் தட்டு போட்டுவிடுவார்கள். பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்குக் கடைக்கு ஓடினால் எனக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் பாட்டு வரிகளைக் காதால் கேட்டு, தமிழ் எழுத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். ஒரு வரியை 'ஆடு வேணும், நாடு வேணும்' என்று எழுதியிருந்தேன். அந்தப் பாட்டில் ஆடும் இல்லை, நாடும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தும், எனக்கு அப்படித்தான் கேட்கிறது. நோட்டு பழைய பேப்பர்க்காரரிடம் போய்விட்டது. யார் கூப்பிட்டாலும் "ஆ?" என்று கேட்கிறேன் என்று அப்பா என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனது அந்த மாதம்தான். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காது பிரமாதமாக இருக்கிறது, கவனம்தான் கம்மி என்றார்.

மார்கழி நடுவில் மைக்செட் அண்ணன் ஏதோ டிரான்சிஸ்டர் வாங்க மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனார். திரும்பி வந்த அன்று சாயங்காலம் எல்லாரும் கடையில் இருந்தோம். சித்தப்பா, அவருடைய கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர், நான். அண்ணன் சட்டைக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பட்டறையின் புது ஆல்பம். கடைகளில் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

"மச்சான், நான்கூட இன்னும் கேக்கல. ஒண்ணா கேக்கலாம்னு பிரிக்காம எடுத்தாந்தேன்" என்றார்.

சித்தப்பா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பழைய கேசட்டுகளில் எல்லாம் எலும்பும் நெருப்பும் இருக்கும். இதில் நான்கு பேரும் தலைவாரி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

"இன்னாடா இது, சலூன் விளம்பரம் மாதிரி கீது" என்றார் சித்தப்பா.

மூன்றாவது பாட்டு. உங்களுக்கு எந்தப் பாட்டு என்று தெரியும். ஒற்றை கிட்டார் மட்டும் மெதுவாக வருமே, அது. அதுவரை அந்தக் கடையில் அவ்வளவு மெல்லிய சத்தம் அந்தப் பெட்டிகளிலிருந்து வந்ததே இல்லை. வாசலில் சைக்கிள் போகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த ஆள் பாடினான். ஏழு கேசட்டிலும் கத்திக்கொண்டே இருந்தவன், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடினான். எனக்கு மூக்கு எரிந்தது. நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

"அணை அத" என்றார் சித்தப்பா.

"முடியட்டும்டா."

"அணைடான்றேன். வயலின் வேற வெச்சிருக்கானுங்க."

அன்றிலிருந்து பத்து நாள் ஒரே சண்டை. பாட்டெல்லாம் நான்கு நிமிஷத்துக்குள் முடிகிறது, ரேடியோவுக்காகச் சுருக்கிவிட்டான்கள் என்பார் சித்தப்பா. டிரம்ஸ் முன்னால் போன வேகம் இப்போது இல்லை, காசு வந்ததும் கை சோம்பேறி ஆகிவிட்டது என்பார். கல்லூரி நண்பர்கள் தலையாட்டுவார்கள். மைக்செட் அண்ணன் ஒயரைச் சீவிக்கொண்டே பதில் சொல்வார்.

"மனுஷனுக்கு வயசாவாதாடா? எப்பவும் கத்திக்கினே இருப்பானா?"

"கத்தறதுக்குத்தானடா அவன் வந்தான்? மெதுவா பாட ஊர்ல ஆளே இல்லியா?"

நான் நடுவில் புகுந்து, "எனக்குப் பழசும் பிடிக்குது, இதுவும் பிடிக்குது" என்றேன்.

"ரெண்டும் பிடிக்குதுன்னா உனக்கு எதுவுமே பிடிக்கலன்னு அர்த்தம். உனக்குக் காதே இல்ல" என்றார் சித்தப்பா.

விவாதம் கொதிக்கும் நேரத்தில்தான் எனக்கு ஐந்தரை மணியாகும். சித்தப்பா ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். மீதியை யார் ஜெயித்தார்கள் என்று தெரியாமலேயே, தட்டில் இருந்த பருப்புச் சோற்றைப் பார்த்துக்கொண்டு நான் தனியாக வாதாடிக்கொண்டிருப்பேன்.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் எனக்கு ஒரு யோசனை வந்தது. கேசட்டுகளின் சொந்தக்காரரே மாடியில் இருக்கிறாரே, அவரைக் கேட்டால் என்ன? இருந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி ஒரு தாளில் எழுதினேன்: இந்த பேண்டு முன்பு நன்றாக இருந்ததா, இப்போது பணத்துக்காக மாறிவிட்டதா? மாடியேறிப் போய் நீட்டினேன். அந்த அம்மா படித்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு என் பேனாவை வாங்கி, கீழே நான்கு வரி எழுதினார்.

அவர் அந்தப் பேண்டோடு ஆறு வருஷம் ஊர் ஊராகப் போனவராம். கச்சேரி வாசலில் மேஜை போட்டு, பேண்டின் பெயர் அச்சடித்த பனியன் விற்பதுதான் அவர் வேலை. முதல் கச்சேரிக்கு வந்தது நாற்பது பேர். அவர்கள் அச்சடித்து வைத்திருந்தது அறுபது பனியன் என்று எழுதியிருந்தார்.

தாளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். மூச்சு வாங்க, தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தேன். கல்லூரி நண்பர்கள் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். மைக்செட் அண்ணன் தொடையில் தட்டிக்கொண்டு, "பாத்தியாடா மச்சான்! ஆரம்பத்துலேர்ந்தே அவனுங்களும் நம்மள மாதிரி பொழப்பு பாக்கறவனுங்கதான்" என்றார்.

சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. நம்மள மாதிரி என்ற வார்த்தைதான் என்று நினைக்கிறேன். அந்த வருஷம் அவர் இரண்டு பரீட்சையில் தோற்றிருந்தார். அப்பா தினமும் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. ஆனாலும் அவர் சொன்னதைக் குறைத்து எழுத மாட்டேன்.

"காசு குடுத்தா சாவுக்கும் பாட்டு போடுவ, சடங்குக்கும் பாட்டு போடுவ. உன் வாழ்க்கையே வாடகைக்கு வுட்ட வாழ்க்கை. வித்துப் போறதுன்னா இன்னான்னு உனக்கு எப்பிடிடா புரியும்?"

மைக்செட் அண்ணன் டேப்பிலிருந்து புதுக் கேசட்டை எடுத்தார். அதன் பெட்டியில் போட்டு மூடினார். "நேரமாச்சு. கடை சாத்தணும்" என்றார். மணி ஐந்துகூட ஆகவில்லை. அந்தக் கடை எட்டு மணிக்கு முன்னால் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

அன்று சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சொன்னேன். "சித்தப்பா, அண்ணங்கிட்ட மன்னிப்பு கேளுங்க."

"காதுதான் இல்ல, இப்ப வாயும் ஜாஸ்தியாயிடுச்சு."

"காது நல்லா இருக்குதுன்னு டாக்டரே சொன்னாரு."

அப்பா என்னைப் பாதித் தட்டில் எழுப்பி அனுப்பினார். பெரியவர்கள் பேச்சில் தலையிடாதே என்றார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை. சித்தப்பா ஏழு கேசட்டையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். கடைப்பக்கம் போவதையும் விட்டார்.

காணும் பொங்கலன்று எங்கள் தெருக் கமிட்டி போட்டிகள் நடத்தும். காலையில் கோலம், மெதுவாக சைக்கிள் ஓட்டுவது, எலுமிச்சம்பழம் வைத்த ஸ்பூனைக் கவ்விக்கொண்டு ஓடுவது. மத்தியானம் மூன்று மணிக்குப் பெண்களுக்கான மியூசிக்கல் சேர். மைக்செட் வழக்கம்போல அண்ணனுடையது. தெருவில் இருந்த ஒரு டாக்டர் வீட்டு வாசலில் மேஜை, மின்கம்பத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். விசில் சித்தப்பாவிடம். அவர் மேஜைப் பக்கமே திரும்பாமல் நடுவராக நின்றார்.

பன்னிரண்டு பேரில் ஆரம்பித்து, ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் என்று வந்து நின்றது. ஒருத்தி என் அம்மா. இன்னொருத்தி தினமும் தெருவில் கூடையோடு வரும் பூக்காரம்மா. பரிசு எவர்சில்வர் குடம் என்பதால் இருவரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தயாராக இருந்தார்கள். நான் மேஜைக்குப் போனேன்.

"அண்ணா, அந்த மூணாவது பாட்டு போடுங்க."

"பாப்பா, இது ஆர்டர். கமிட்டி சொல்ற பாட்டத்தான் போடணும்."

"மியூசிக்கல் சேருக்கு இந்தப் பாட்டுதான்னு கமிட்டி சொல்லிச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் முதுகு காட்டி நின்ற சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு கேசட்டை எடுத்து, சட்டையில் துடைத்து, டேப்பில் போட்டார்.

ஒற்றை கிட்டார் இரண்டு குழாயிலும் கிளம்பித் தெரு முழுக்கப் போயிற்று. சித்தப்பாவின் முதுகு விறைத்தது. என் அம்மாவுக்கும் பூக்காரம்மாவுக்கும் முதலில் எப்படி நடப்பது என்று தெரியவில்லை. ஓடுகிற பாட்டு இல்லை அது. கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி அந்த ஒற்றை நாற்காலியை மெதுவாகச் சுற்றினார்கள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. டிரம்ஸ் வந்தது. நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்கள். பாடகன் குரல் ஏற ஏற இவர்களும் வேகம் பிடித்தார்கள். கடைசியில் எல்லாக் கிட்டாரும் சேர்ந்து இடிக்கிற இடம் வந்ததும் இருவரும் ஓட ஆரம்பித்தார்கள். தெருவே கை தட்டியது. நடுவில் நிறுத்த வேண்டியவர் அண்ணன்தான். அவர் குமிழில் கை வைத்தபடி நிறுத்த மறந்து உட்கார்ந்திருந்தார்.

சித்தப்பா விசிலை ஊதிக்கொண்டு மேஜைக்கு ஓடி வந்தார். "நிறுத்துடா!"

"தம்பி, பாட்டு முடியல. முடியாம எப்பிடி உக்கார்றது?" என்று ஓடிக்கொண்டே கத்தினாள் அம்மா. பட்டறைச் சத்தத்தை நிறுத்து என்று இரண்டு மாதமாகச் சொன்ன அதே அம்மா.

பாட்டு தானாகவே முடிந்தது. இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். நாற்காலியில் உட்கார யாருக்கும் ஞாபகம் இல்லை. பிறகு பூக்காரம்மா, "அய்யோ, காலு" என்று பொத்தென்று உட்கார்ந்து குடத்தை ஜெயித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னா பாட்டும்மா இது? பாஷை புரியல. வூட்ட வுட்டுப் போனவன் திரும்பி வர்றதா வேணாமான்னு நிக்கிற மாதிரி கீது" என்றாள்.

நான் பின்னால் கல்லூரியில் அந்த வரிகளை ஒழுங்காகப் படித்தேன். அவள் சொன்னது கிட்டத்தட்ட அதேதான்.

ஆனால் சித்தப்பா எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தார். "போதுமாடா? பூக்காரம்மாவுக்குப் புடிச்சுப் போச்சு. இதுக்கு மேல சாட்சி வேணுமா? முடிஞ்சுது அந்த பேண்டு."

பூக்காரம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் குடத்தைக் கீழே வைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பூக்காரம்மாவுக்குப் பிடிச்சா இன்னா சித்தப்பா? அவங்க காது காதில்லியா? உங்களுக்கு மட்டும் எழுதி வெச்சிருக்குதா அந்தப் பாட்டு?"

அறை விழுந்தது. அதற்கு முன்பும் பின்பும் சித்தப்பா என்னை அடித்ததில்லை. கன்னம் எரிந்தது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அழுதால் தோற்றுவிடுவேன் என்று தோன்றியது.

"அண்ணா, மறுபடியும் போடுங்க" என்றேன்.

அவர் போட்டார். கேசட்டைச் சுற்றிவிட்டு, குமிழை முன்பைவிட இன்னும் கொஞ்சம் திருப்பிப் போட்டார். சித்தப்பா விசிலைக் கழற்றி மேஜையில் எறிந்துவிட்டுப் போனார். அப்பா என்னைக் கூப்பிட்டார், நான் போகவில்லை. அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள். பூக்காரம்மா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். பாட்டு முடிந்ததும் கமிட்டித் தலைவர் மேஜைக்கு வந்து, மாரியம்மன் திருவிழாவுக்கு வேறு செட் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒரு தெரு விட்டால் அடுத்த தெருவும் விடும். வெயில் ஏறி மாடி அறை அம்மா அட்டையோடு பஸ் ஏறிப் போன அதே பங்குனியில், மைக்செட் அண்ணன் கடையைக் காலி செய்து, மனைவியின் ஊரான கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டார். சாமான் ஏற்றிய வண்டி போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

சித்தப்பாவுக்கு அடுத்த வருஷம் வேலை கிடைத்தது. வேங்கிக்காலில் வீடு கட்டினார். எங்களுக்குள் பேச்சு எப்போது திரும்பியது என்று சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒரு கல்யாணத்தில் சாம்பார் வாளியை நீட்டி "போடட்டுமா?" என்றார், நான் "போடுங்க" என்றேன். அன்று விழுந்த அறையைப் பற்றி, போன ஞாயிற்றுக்கிழமை வரை இருவரும் பேசியதில்லை.

இப்போது உங்களிடம் நேரடியாகச் சொல்கிறேன். பேண்டு மட்டமான பாட்டுப் போட்டால் மட்டம் என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். இந்தப் புது ஆல்பத்தில் இரண்டு பாட்டு சகிக்கவில்லை. ஆனால் நம் குழுவில் போன வாரம் வந்த செய்திகளில் பாதி பாட்டைப் பற்றியே இல்லை. யார் யார் கேட்கிறார்கள் என்பதைப் பற்றி. காலேஜ் பெண்கள் கேட்கிறார்கள், ஜிம்மில் போடுகிறார்கள், என் மகன் கேட்கிறான், என் மச்சினிகூடக் கேட்கிறாள் என்று புலம்பல். அவர்கள் வாசலுக்குள் வந்ததால் வீடு அசுத்தமாகிவிட்டதா? எட்டாம் வகுப்பில் நான் உள்ளே வந்தபோதும் யாரோ ஒருவர் இப்படித்தான் முகம் சுளித்திருப்பார். நான் வெளியே போகவில்லை. அவர்களும் போக மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இதே கோபத்தோடு வேங்கிக்காலுக்குப் போனேன். சித்தப்பாவுக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதம்தான். போனில் புது ஆல்பத்தைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நான்கு பாட்டு கேட்டார்.

"எல்லாத்தயும் வித்துட்டானுங்க" என்றார்.

"வித்துப் போறதுன்னா இன்னான்னு உனக்கு எப்பிடிடா புரியும்" என்றேன் நான்.

அவருக்குப் புரியவில்லை. அன்று கடையில் அவர் பேசியதை முதலிலிருந்து கடைசி வரை, வார்த்தை மாறாமல் சொன்னேன். சாவும் சடங்கும் வாடகை வாழ்க்கையும்.

"நான் அப்பிடியா சொன்னேன்?"

உண்மையாகவே மறந்திருந்தார். அறைந்தது ஞாபகம் இருந்தது, அதற்காகப் பல வருஷம் வெட்கப்பட்டதாகச் சொன்னார். இது ஞாபகம் இல்லை. உள்ளேயிருந்து சித்தி, "சொல்லியிருப்பீங்க, சொல்லியிருப்பீங்க" என்றாள். அவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"உன் வண்டிய எடு. கீழ்பென்னாத்தூர் போயிட்டு வருவோம்."

பஸ் ஸ்டாண்டில் விசாரித்ததும் கடையைக் காட்டிவிட்டார்கள். பெரிய கடை. ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை வாசலில் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மைக்செட் அண்ணன் தரையில் உட்கார்ந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். தலைக்குச் சாயம் பூசியிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டு, "பாப்பா!" என்று எழுந்தார். எனக்குப் பின்னால் நின்றவரையும் கண்டுகொண்டார்.

"வாங்க சார்" என்றார்.

மச்சான் இல்லை, டா இல்லை. சார்.

எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை முதலில் சொன்னேன். "அண்ணா, அன்னிக்கு நான் கேட்டதாலதான் உங்களுக்கு அந்தத் தெருவே போச்சு."

"நீ கேட்டே. போட்டது நான்தான பாப்பா? ரெண்டாவது தபாவும் நான்தான் போட்டேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது" என்றார். பெரிய பெண் நர்ஸாக இருக்கிறாள், சின்னவள் பி.இ. என்றார். எல்லாம் இந்தப் பெட்டிகள் படிக்க வைத்ததுதான் என்றார். அதைச் சித்தப்பாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்தே சொன்னார்.

சித்தப்பா இரண்டு முறை தொண்டையைச் செருமினார். வழியெல்லாம் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஏதோ ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவர், அதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை.

"அன்னிக்கு கடைல நான் உன்னப் பாத்து சொன்னது… தப்புப்பா."

பரவாயில்லை, எப்போதோ நடந்தது, விடுங்கள் என்று அண்ணன் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். சித்தப்பாவும் காத்திருந்தார். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். அண்ணன் மறுபடியும் தரையில் உட்கார்ந்து ஒயரின் நுனியை எடுத்தார்.

"ஆமா சார், தப்புதான்" என்றார். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒயர் சுற்றுச் சுற்றாக ஏறத் தொடங்கியது.